கல்லடியில் வைத்த கத்தி

நம்முடைய ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் நீங்கள் ஒரு படம் போட்டீர்கள். ஜெபவீட்டின் ஆண்டு விழா மலரில் ஒரு பக்கம். அந்தப் பக்கம் முழுக்க என் அப்பாவைப் பற்றியது. விக்கிரகத்தின் முன்னால் தன் கவ்வாத்துக் கத்தியை வைக்க மறுத்த தொழிலாளி என்றும், அவருடைய உறுதியைக் கண்டு கர்த்தர் சத்துருக்களின் மனதை மாற்றினார் என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே நீங்கள் வரிசையாகக் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் அதை அழித்தேன். ஏன் அழித்தாய் என்று உங்களில் ஒருத்திதான் கேட்டாள். அவளுக்கும், கேட்காத உங்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சரிசெய்துவிடுகிறேன். நான் தேதி பார்க்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். மலரில் அது ஈஸ்டர் வாரத்தில் நடந்ததாகப் போட்டிருக்கிறார்கள். அப்படி இருக்கவே முடியாது. ஈஸ்டர் சமயத்தில் நம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வெள்ளமாக வரும், அப்போது எந்தத் துரை செடியை வெட்டச் சொல்வார்? செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து நடப்பது ஆடி மழையில். அன்று நான் வீட்டில் இருந்தேன், ஆனால் விடுமுறை இல்லை. மழையில் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் பறந்துபோனதால் நம்மை மூன்று நாள் வர வேண்டாம் என்றார்களே, அதில் இரண்டாவது நாள். வெள்ளிக்கிழமை. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அடுத்த தைமாதம்தான் என்பதால் கையில் வேறு ஆதாரம் இல்லை. அன்று கவ்வாத்து நடந்த மலையின் ஓரத்தில் தேதி எழுதிய பலகை இருக்குமே என்று இரண்டு வருடத்துக்கு முன் போய்ப் பார்த்தேன். பலகை இருக்கிறது. அதன்மேல் எத்தனையோ முறை வேறு தேதிகளைப் பூசி எழுதிவிட்டார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் காம்பரா அறைகளுக்கு நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. அந்தப் பக்கம் மீன் பொரித்தால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பசிக்கும். அந்தப் பக்கம் இருந்தவர்கள் மாமாவும் அத்தையும். இரத்த உறவு இல்லை. அப்பாவும் மாமாவும் ஒரே நாளில் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள், கவ்வாத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் செடி வெட்டுகிறவர்கள். மாலையில் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சுவருக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள். முகம் பார்க்காமல் அவ்வளவு பேசிய இரண்டு ஆண்களை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. அடுப்பில் எரிவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு. அது எரியும்போது வரும் கசப்பு வாசனை இன்றும் எங்காவது வந்தால் எனக்கு முதலில் மாமாவின் குரல்தான் கேட்கிறது.

அதற்கு முந்தைய வருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். அட்டனிலிருந்து வந்த பாஸ்டர் ஒருவர் கட்டில் கட்டிலாக ஜெபித்துக்கொண்டு வந்தார். தம்பி பிழைத்தான். அப்பா ஞானஸ்நானம் எடுத்தார். சாமிப் படங்களைக் கழற்றினார். புகை படிந்த கரிச்சுவரில் அந்தப் படங்கள் இருந்த இடம் மட்டும் ஐந்து வெள்ளைக் கட்டங்களாக நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை, யாரோ ஐந்து பேர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஆனால் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் விசுவாசம் வேஷம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற மனிதர், வேதத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். நகக்கண்ணில் தேயிலைக்கறை ஏறிய விரலை வரியின் கீழே நகர்த்தி, புள்ளி வைத்த எழுத்துகளில் தடுக்கி, திரும்பத் தொடங்கி, வியர்த்துப்போவார். கத்தியின் மரப்பிடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு சிலுவையைச் சுட்டுக்கொண்டார். கட்டைவிரல் பதியும் இடத்தில், சின்னதாக.

பாஸ்டர் புதன்கிழமைதோறும் வருவார். கடைசி லயத்தின் ஒரு காம்பராவில் கூட்டம். அந்த ஆடியில் அவர் பேசியதெல்லாம் பிரிந்திருப்பதைப் பற்றி. அவிசுவாசிகளோடு ஒரே நுகத்தில் கழுத்தைக் கொடுக்கக்கூடாது, அவர்கள் படைத்ததைத் தொடக்கூடாது, அவர்கள் காரியத்தில் விரலையும் வைக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து அப்பா அந்தப் பகுதியை என்னைத் தேடி எடுக்கச் சொன்னார்.

"அப்பிடித்தான் போட்டிருக்கா பாப்பா?"

"ஆமாப்பா."

"திரும்பப் படி."

மூன்று தடவை படித்தேன். நன்றாகப் படிக்கிறேன் என்ற பெருமையில் சத்தமாகப் படித்தேன். ஆதித் திருச்சபையிலேயே விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சந்தையில் வாங்கலாமா கூடாதா என்று சண்டை நடந்திருக்கிறது என்பதையும், அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல். பதினொரு வயதில் நான் காட்டிய பக்கம் ஒன்றுதான்.

கவ்வாத்து தொடங்கும் நாளில் நம் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்பிள்ளைகள் நீங்கள் சிலர் பார்த்திருப்பீர்கள், பெண்பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். மலையின் மூலையில் இருக்கும் கல்தான் கவ்வாத்துச் சாமி. எல்லாரும் கத்திகளை அதன் அடியில் வரிசையாக வைப்பார்கள். கங்காணி கோழி அறுத்து, ஒவ்வொரு கத்திக்கும் குங்குமம் வைப்பார். அதற்குப் பிறகு யாரும் தன் கத்தியைத் தானே எடுக்கக்கூடாது. பக்கத்து நிரைக்காரன் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் கையால் வாங்கின கத்தி அவனையும் வெட்டாது, உன்னையும் வெட்டாது என்பது நம்பிக்கை. வழுக்கும் சரிவில், மழையில், அரிவாளைவிடக் கூர்மையான கத்தியோடு ஒருவருக்கு ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்கும் மனிதர்களின் நம்பிக்கை அது. ஒரு கத்தி குறைந்தாலும் நிரை அறுந்ததாகக் கணக்கு. அறுந்த நிரைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, சுவருக்கு மேலாக மாமாதான் தொடங்கினார்.

"மச்சான், வெள்ளிக்கிழம கத்திய எடுத்துக்கிட்டு வந்துரு. கங்காணி கேட்டுக்கிட்டே இருக்காரு."

"நான் வரல மச்சான்."

"ஒன்ன யாரு கூப்புட்டா? நீ வராட்டி கோழிக்கறி எங்களுக்கு மிச்சம். கத்திய மட்டும் குடு, நான் கொண்டு வக்கிறேன்."

"கத்தி வந்தா நான் வந்த மாதிரிதான்."

"ஏன், ஒன் கத்திக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டாங்களா?"

அந்தப் பக்கம் அத்தை சிரித்தார். இந்தப் பக்கம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கேலி பண்ணாத மச்சான். புள்ள பொழச்சு வந்திருக்கான். நான் குடுத்த வார்த்த இருக்கு."

பிறகு மாமா சொன்னார்: "அப்ப ஒன்ன கான் வெட்டப் போட்டுருவாங்க. எனக்குப் பக்கத்துல வேற எவனாவது நிப்பான்."

கான் வெட்டுவது என்றால் சேற்றில் நின்று வடிகால் தோண்டுவது. கவ்வாத்துக்காரனுக்கு இருந்த மரியாதை அதில் இல்லை. அதைவிட, கவ்வாத்துக் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் குழி வெட்டவும் ஆள் வராது. அம்மாவுக்கு அந்தப் பயம்தான். அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தவர்தான். ஆனால் அவர் கணக்கு வேறு.

"மேல இருக்கிறவர ஒங்கப்பா பாத்துக்குவாரு. கீழ இருக்கிறவங்களோட நாந்தான் வாழணும்," என்றார் என்னிடம், வெள்ளிக்கிழமை விடியலில். அப்பா உபவாச ஜெபத்துக்குக் கடைசி லயத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்துதான் வேலைக்குப் போவார், கத்தி கூரையோர இறவாணத்தில் செருகியிருந்தது. அம்மா அதை எடுத்து, என் பழைய சட்டையில் சுற்றி, என் கையில் கொடுத்தார். "மாமாகிட்ட குடு. ஓடு."

ஓடினேன். வாசலில் மாமா கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டையை விரித்துப் பார்த்தார்.

"ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று ஆட்டினேனா, தெரியும் என்று ஆட்டினேனா என்பதை இத்தனை வருடம் யோசித்தும் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. மாமா பெருமூச்சு விட்டு அதைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில், மாமா கொடுத்துவிட்ட கத்தியை அத்தை திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பிடியிலிருந்த சிலுவைக்கு மேலேயே கங்காணி குங்குமத்தை வைத்திருந்தார். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தார். மேலே இருந்தது போனது, சுட்ட பள்ளத்துக்குள் இறங்கியது வரவில்லை. ஈரத்தில் அது கறுப்பாகத்தான் தெரிந்தது. கத்தி மறுபடி இறவாணத்துக்குப் போனது.

அப்பா ஜெபம் முடிந்து வந்து, கத்தியை எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தே மலைக்குப் போனார். கங்காணி தடுக்கவில்லையாம். "போய் ஒன் நிரையில நில்லு" என்றாராம். மாமா முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்: யாரும் வாயைத் திறக்காதீர்கள், அவன் பிழைப்பு ஓடட்டும். சாமிக்குக் கத்தி வந்துவிட்டது, கங்காணிக்கும் அது போதும்.

மாலையில் அப்பா நனைந்த கம்பளியோடு வாசலிலேயே முழங்காலில் நின்றார். அழுதார். கர்த்தர் அவர்கள் மனதை மாற்றிவிட்டார் என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை அப்பா எழுந்து சாட்சி சொன்னார். பேசத் தெரியாதவர், அன்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பாஸ்டர் அப்பாவின் தலையில் கைவைத்து, "பிரதர், இத நீங்க ஒரு இடத்துல மட்டும் வச்சிருக்கக் கூடாது" என்றார். அடுத்த சில வாரங்களில் அப்பாவைக் கினிகத்தேனைக்குக் கூட்டிப்போனார், இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அப்பா என் பள்ளிக்கூடப் பையில் வேதத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் வேறு இல்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் எடுக்க வெளியே போய்விடுவேன்.

இறம்பொடைத் தோட்டத்தில் கங்காணியின் தங்கை வீடு இருந்தது. அங்கிருந்து பேச்சு திரும்பி வந்தது. ஒரு நாள் காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரிக்க எல்லாரும் கூடியிருக்கும்போது, கங்காணி அப்பாவைக் கூப்பிட்டார். அம்மா கொழுந்துக் கூடையோடு அங்கேதான் நின்றிருந்தார், சொன்னது அவர்தான்.

"எங்க சாமி ஒங்க சாமிகிட்ட தோத்துப்போச்சாமே? ஊர் ஊரா போய்ச் சொல்றியாமே?"

"நான் நடந்தததான் சொன்னேங்க."

"நடந்தத நான் சொல்றேன் கேளு. ஒன் கத்தி அன்னிக்குக் கல்லடியில இருந்துச்சு. ஒன் சிலுவ மேல என் கையாலதான் பொட்டு வச்சேன். ஒன் கத்திக்கும் சேத்துத்தான் கோழி செத்துச்சு."

சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

அன்று அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இஸ்தோப்பில், முன்திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு ஊசியால் சிலுவைப் பள்ளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஊசி முனையில் சிவப்பு வந்துகொண்டிருந்தது. மாலை வரை தோண்டினார். அம்மா வந்தார், அடுப்பு மூட்டினார். அந்தப் பக்கமும் அடுப்பு எரிவது கேட்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல்.

"பாப்பா. கத்திய யாரு எடுத்துக் குடுத்தா?"

அம்மா மிலாறை ஒடித்து அடுப்பில் வைத்தார். திரும்பவில்லை. இன்னொன்றை ஒடித்தார்.

"மாமா வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்கப்பா," என்றேன். "யாரும் இல்லாதப்ப."

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. அப்பா தலையைத் தூக்கி, கூரை இடைவெளியைப் பார்த்துக் கேட்டார்: "மச்சான், நெசமா?"

பதில் வர நேரமாயிற்று. அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லியிருக்கலாம்.

"ஆமா மச்சான்," என்றார் மாமா. "நாந்தான் எடுத்தேன்."

"என் வீட்டுல பூந்தா?"

"ஆமா."

அப்பா எழுந்தார். உரச்சாக்குகளை மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே திணித்தார். கடைசி ஓட்டை வரை அடைத்தார். அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசவில்லை. பக்கத்து நிரையிலும் நிற்கவில்லை. அப்பாவே கேட்டுக் கான் வெட்டப் போனார்.

அடுத்த புதன்கிழமை அப்பா கூட்டத்துக்கு முன்னதாகவே போய், வாசலில் பாஸ்டரை நிறுத்தினார். நான் வேதத்தைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றேன்.

"ஐயா, நான் சொன்ன சாட்சி பொய்ங்க. கத்தி கல்லடிக்குப் போயிருக்கு. எந்திரிச்சுச் சொல்லிரணும்."

பாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். அப்பாவின் தோளைத் தொட்டார். "பிரதர், ஒங்க மனசுல நீங்க மறுத்துட்டீங்க. அது போதும். இப்ப நாலு தோட்டத்துல சொல்லியாச்சு. விசுவாசத்துல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, இடறிப் போயிருவாங்க."

"பொய்யப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதவிட இடறி விழுறது மேலுங்க ஐயா."

கூட்டம் தொடங்கியது. அப்பா எழுந்தார். "போன மாசம் நான் இங்க ஒன்னு சொன்னேன்," என்று ஆரம்பித்தார். பாஸ்டர் கஞ்சிராவை எடுத்துப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். அப்பாவின் வாய் அசைவது தெரிந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் பாஸ்டர் அடுத்ததைத் தொடங்கினார். மூன்றாவது பாட்டில் அப்பா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை. பின்வாங்கிப்போனவர் என்று அவரைப் பற்றிச் சொன்ன அதே ஜெபவீடுதான் இப்போது மலரில் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறது. அவர் சொன்னதை வைத்துக்கொண்டார்கள், சொல்ல வந்ததை விட்டுவிட்டார்கள்.

உலகத்தோடு ஒட்டாமல் இரு என்று அப்பாவுக்குச் சொன்னார்கள். அவர் அதைச் செய்து காட்டினார். கவ்வாத்துக்காரர்களோடும் இல்லை, ஜெபவீட்டுக்காரர்களோடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஐந்து வெள்ளைக் கட்டங்களுக்குக் கீழே உட்கார்ந்து, விரலை வைத்துத் தனியாகப் படிப்பார். நான் பக்கத்தில் உட்கார்வேன். இப்போது நான் வேறொரு கோயிலுக்குப் போகிறேன், கடைசி வாங்குப் பலகையில் உட்கார்கிறேன். ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் வந்தாலும், பிரிந்திருப்பதைப் பற்றி வந்தாலும் எழுந்து வெளியே போய் நிற்கிறேன்.

அம்மா இறப்பதற்கு முந்திய வாரம் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நான் போனப்பறம் ஒங்கப்பாகிட்ட சொல்லிரு. என் பேரச் சொல்லு. ஒன் பேரச் சொல்லாத." அப்போது நான் ஆசிரியை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பொய் பேசக்கூடாது என்று கற்றுக்கொடுப்பவள். அம்மாவின் குழியை வெட்டியது மாமா. அப்பா தூரத்தில் வேறு பக்கம் பார்த்து நின்றார். அன்றும் நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து மாமா டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்ப் பார்த்தேன்.

"ஏன் மாமா அன்னிக்கி ஆமான்னு சொன்னீங்க?"

"சின்னப் புள்ள நீ. மாட்டிக்கிட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ரெண்டு நாள்ல ஒங்கப்பன் சாக்கப் புடுங்கிப் போட்டுருவான்னு நெனச்சேன். இவ்வளவு புடிவாதக்காரன்னு தெரியாமப் போச்சு."

அன்று மாலை அப்பா என்னைக் கேட்டார், "எங்க போயிட்டு வர்ற?"

"கூட படிச்ச பிள்ள ஒருத்தியப் பாக்கப் போனேன்பா."

அந்தக் கூடப்படித்த பிள்ளை உங்களில் யாரும் இல்லை.

மாமாவின் சவத்தை எடுத்த அன்று அப்பா இஸ்தோப்பை விட்டு இறங்கவில்லை. தப்பு மேளத்தின் சத்தம் தேயிலைக்குள் இறங்கிப் போய் ஓயும் வரை நின்றார். பொழுது சாயும் நேரத்தில் உள்ளே வந்து, என்னையும் கூப்பிட்டு, சுவர்ப் பக்கம் பார்த்து முழங்காலில் நின்றார். இத்தனை வருடத்தில் எலி கடித்து அந்தச் சாக்குகள் கிழிந்து தொங்கின. அந்தப் பக்கம் அத்தை தனியாக இருந்தார். அவர் இருமுவது கேட்டது. உண்மை தெரிந்தவர்களில் அவரும் நானும்தான் மிச்சம்.

அப்பா சத்தமாக, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, அவன் என் வீட்டுல பூந்து எடுத்தத நான் மன்னிச்சுட்டேன். நீங்களும் அந்தத் திருட்ட அவன் மேல வைக்காதீங்க."

அந்தப் பக்கம் இருமல் நின்றது.

அப்பா கண்ணை மூடியபடியே எனக்காகக் காத்திருந்தார். நான் ஆமென் என்று சொன்னேன்.